கூர்நோக்கு இல்லத்தை யார் கூர்ந்து பார்ப்பது?

2022 டிசம்பர் 31. நியூ இயருக்காக ஊரே மகாபலிபுரம் பக்கம் போய்க்கிட்டு இருந்த அந்த நாளில், செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் இருந்த 17 வயசுப் பையன் இறந்துபோனான். பேட்டரி திருடியதாகத் தாம்பரத்தில் பிடிக்கப்பட்டு, சில நாள்கூட ஆகலை. அவனை அடிச்சுக் கொன்றதாகக் கண்காணிப்பாளர் உட்பட 6 ஊழியர்கள் கைதானாங்க.

கைது நடந்ததால் விஷயம் முடிஞ்சிடுமா? 2015 சிறார் நீதிச் சட்டப்படி, சிறுவனுக்கு ஜாமீன் தருவதுதான் விதி, மறுப்பது விதிவிலக்கு. இல்லத்தை 3 மாதத்துக்கு ஒரு தடவையாவது ஆய்வுக் குழு நேரில் பார்க்கணும். குழுவில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் கட்டாயம். சட்டம் தெளிவாத்தான் இருக்கு. ஆனா பூட்டிய கதவுக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு வெளியே இருக்கும் நமக்குத் தெரிய வழியில்லை.

அரசு நியமிச்ச நீதிபதி சந்துரு குழு 2023ல் அறிக்கை கொடுத்துடுச்சு. இனி, ஒவ்வொரு இல்லத்தின் ஆய்வு அறிக்கையையும், பிள்ளைகளின் பெயரை நீக்கிட்டு, இணையத்தில் போடணும். ஹாஸ்டல் சாம்பார் சரியில்லைன்னா பிரின்சிபால் வரைக்கும் போறோமே, இதையும் நாமதான் கேட்கணும். உள்ளே இருக்கிற பசங்களால் கேட்க முடியாது.