இறங்கிய பிறகு எடை பார்த்து என்ன பயன்?

சில மாதங்களுக்கு முன்பு, முத்தோரை பாலாடாவிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றிச் சென்ற ஒரு பிக்கப் வண்டியில் நானும் சென்றேன். வண்டி, விளைச்சல் இரண்டும் ஓட்டிய விவசாயியுடையவை. பர்லியாரைத் தாண்டும்போது பிரேக் கருகும் வாடை வந்தது. "தினமும் வர்ற வாசனைதான் சார்" என்றார். "வெறும் வண்டி எவ்வளவு எடை வரும்ண்ணா?" என்று கேட்டேன். "ஆர்.சி. புத்தகத்துல 1,600 கிலோன்னு போட்டிருக்கான்" என்றார். ஆறு வருடமாக ஓட்டுகிற வண்டியை ஒருமுறைகூட வெறுமையாக அவர் எடை போட்டதில்லை.

மண்டியில் சரக்கு இறக்கி, டீசல் நிரப்பிய பிறகு, அருகில் இருந்த எடைமேடையில் வண்டியை நிறுத்தினோம். சீட்டில் வந்த எண் 1,790. ஆர்.சி.யில் உள்ளதைவிட 190 கிலோ அதிகம். "மிஷின் தப்பா இருக்கும்" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. மிஷின் தப்பில்லை, அந்த ஆண்டின் முத்திரை அதில் இருந்தது.

190 கிலோ எங்கிருந்து வந்தது?

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வெற்று எடை, பதிவு செய்த நாளில் இருந்த வண்டியின் எடை. அதில் ஓட்டுநரின் எடை சேராது. வாங்கிய பிறகு நாம் சேர்த்ததும் சேராது. பக்கவாட்டில் உயர்த்திக் கட்டிய இரும்புச் சட்டம், தளத்தில் அடித்த தகடு, பாரம் தாங்கப் பின்பக்க ஸ்பிரிங்கில் போட்ட கூடுதல் பட்டை, முன்னால் பொருத்திய கம்பித் தடுப்பு, தார்ப்பாய், கயிறு, ஜாக்கி, இரண்டாவது ஸ்டெப்னி, அடியில் அப்பிக் காய்ந்த செம்மண் என்று ஒவ்வொன்றும் பத்து, இருபது கிலோவாக ஏறிக்கொண்டே போகும்.

அன்றைய கணக்கை அப்படியே தருகிறேன். அந்த வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,900 கிலோ. வண்டி, ஆட்கள், சரக்கு எல்லாம் சேர்ந்து இதைத் தாண்டக் கூடாது. ஆர்.சி.யை நம்பினால் 1,300 கிலோ ஏற்றலாம் என்று தோன்றும். உண்மையில் வண்டி 1,790, ஓட்டுநரும் நாங்கள் இருவருமாக மூன்று பேர் 210, ஆக 2,000. மீதம் 900 கிலோதான். கழுவிய ஈரத்தோடு ஏற்றிய கேரட் மூட்டை சராசரியாக 63 கிலோ வந்தது. அந்தக் கணக்கில் 14 மூட்டைதான் ஏற்றியிருக்க வேண்டும். நாங்கள் கொண்டுவந்தது 25. மொத்த எடை 3,575 கிலோ. அளவுக்கு மேல் 675 கிலோ.

அவர் பேராசைக்காரர் அல்ல. அளவை மீறுகிறோம் என்பது ஓரளவு அவருக்குத் தெரியும். எவ்வளவு மீறுகிறோம் என்பதுதான் தெரியாது. நான்கைந்து மூட்டை அதிகம் என்று நினைத்திருந்தார். பதினொரு மூட்டை அதிகம்.

ஒரு பீப்பாய் கொதிநீர்

சமவெளியில் கூடுதல் பாரம் டயரையும் டீசலையும் தின்னும். மலையில் உயிரைக் கேட்கும். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். இடையில் சுமார் 1,900 மீட்டர் இறக்கம். இறங்கும் வண்டியின் பாரம் முழுவதும் வேகமாக மாறப் பார்க்கும். அந்த ஆற்றலை நாம் எங்காவது தொலைக்க வேண்டும். காற்றும் சாலையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சினும் பிரேக்கும்தான் வெப்பமாக மாற்றி வெளியே விட வேண்டும்.

3,575 கிலோ வண்டி 1,900 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 200 லிட்டர் பீப்பாய் நிறையத் தண்ணீரைச் சாதாரணக் குளிர்நிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. அனுமதித்த எடையில் இறங்கியிருந்தால் அது சுமார் 160 லிட்டருக்கான வெப்பமாக இருந்திருக்கும். நாம் கூடுதலாக ஏற்றிய பதினொரு மூட்டை, இரண்டு பெரிய குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பத்தைப் பிரேக்கின் தலையில் கட்டுகிறது.

பிரேக் லைனிங் அளவு மீறிச் சூடானால் பிடிமானம் குறையும். பிரேக் ஆயிலுக்கு இன்னொரு பலவீனம் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவு 140 டிகிரிதான். பனியும் மழையும் உள்ள நீலகிரியில் வருடக்கணக்கில் ஆயில் மாற்றாத வண்டி, பாதி மலையில் மிதி உள்ளே போய்விடும் நிலைக்குத் தயாராக நிற்கிறது என்று பொருள். ஏறும் கியரில்தான் இறங்க வேண்டும் என்ற பழைய பாடம் எஞ்சினுக்கும் ஒரு பங்கு வேலை கொடுப்பதற்காகச் சொன்னது. அளவுக்குமேல் பாரம் ஏற்றிவிட்டு அந்தப் பாடத்தை மட்டும் நம்ப முடியாது.

டயரும் ஒரு சாட்சி. அதன் பக்கவாட்டில் 106/104 என்பது போன்ற எண் இருக்கும். ஒற்றை டயராக ஓடும்போது முதல் எண்ணைப் பார்க்க வேண்டும். 106 என்றால் ஒரு டயர் 950 கிலோ தாங்கும். பின்பக்கம் இரண்டு டயருக்கு 1,900 கிலோ. பின் அச்சில் 2,400 கிலோ விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பாரம் உட்காரும் இடமும் முக்கியம். பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் தள்ளி 100 கிலோ வைத்தால், இரு அச்சுகளுக்கும் இடையே 2.5 மீட்டர் உள்ள வண்டியில் பின் அச்சு 140 கிலோ சுமக்கும். முன் சக்கரத்திலிருந்து 40 கிலோ குறையும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங் லேசாகத் தெரிவது இதனால்தான்.

எடை போடும் முறை

வண்டியை வழக்கமாக எடுத்துச் செல்லும் எல்லாப் பொருட்களோடும் டேங்க் நிரப்பி எடைமேடைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஏறும் முன்பு எடைமேடையின் திரை பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். எடைமேடைகளை ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரையிட வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதி. நடப்பு முத்திரை இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எஞ்சினை அணைத்து, எல்லோரும் இறங்கிய பிறகு முழு வண்டியையும் எடை போடுங்கள். பிறகு முன் சக்கரங்களை மட்டும், அடுத்துப் பின் சக்கரங்களை மட்டும் மேடையில் வைத்து எடை எடுங்கள். இரண்டின் கூட்டுத்தொகை முழு எடைக்கு அருகில் வர வேண்டும். பெரிய லாரிகளுக்கான மேடையில் எண் 5 அல்லது 10 கிலோ படியாகத்தான் மாறும். அந்த அளவு வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

மொத்த அனுமதி எடையிலிருந்து வெற்று எடையையும், வழக்கமாகச் செல்லும் ஆட்களின் எடையையும் கழியுங்கள். வருகிற எண்ணை ஓட்டுநர் கதவின் உள்பக்கம் பெயின்டில் எழுதிவையுங்கள்.

சரியான அளவு பாரம் ஏற்றிய நிலையிலும் ஒருமுறை எடை போடுங்கள். அப்போது சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தோட்டத்தில் எடைமேடை இல்லாமலே, அந்த அளவுக்குக் கீழே வண்டி உட்கார்ந்தால் பாரம் கூடிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். ஸ்பிரிங்கை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும்.

'லோடு' என்பது அளவல்ல

வேளாண்மை ஆராய்ச்சியாளனாக எனக்கு இதில் இன்னொரு அக்கறை உண்டு. நாங்கள் எருவை டன் கணக்கில் பரிந்துரைக்கிறோம். விவசாயி 'லோடு' கணக்கில் வாங்குகிறார். சமவெளியிலிருந்து ஏறிவரும் மாட்டெருவும் கோழி எருவும் ஒரே உயரத்துக்கு நிரம்பியிருந்தாலும் எடை ஒன்றாக இருக்காது. எடை ஒன்றாக இருந்தாலும் சத்து ஒன்றாக இருக்காது. 2 டன் எருவில் ஈரம் 60 சதவீதம் என்றால் உலர் பொருள் 800 கிலோ. ஈரம் 30 சதவீதம் என்றால் 1,400 கிலோ. முதல் லோடு வாங்கியவர் 1,200 கிலோ தண்ணீருக்கு மலையேற்ற வாடகையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். உங்கள் வண்டியின் வெற்று எடை கையில் இருந்தால், ஏறும் முன் கீழே ஒரே ஒரு முறை எடை போட்டால் போதும். ஏக்கருக்கு உண்மையில் எவ்வளவு எரு போட்டோம் என்பது அப்போதுதான் தெரியும்.

பசுந்தேயிலையிலும் இதே கதை. கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஒரே நடையில் முடிக்க வேண்டும் என்று மூட்டையை மிதித்து அடைத்தால், இலை மூச்சுவிட வழியின்றிச் சூடாகிச் சிவக்கும். தரம் குறைந்தால் விலை குறையும். பாரத்தைக் கூட்டி மிச்சம் பிடித்த வாடகை அங்கே போய்விடும். தொழிற்சாலையில் ஈரத்துக்குக் கழிவு பிடிக்கும்போது கேள்வி கேட்கவும், புறப்படும்போது நாமே போட்ட எடை கையில் இருக்க வேண்டும்.

"கட்டுப்படியாகாது சார்"

எடையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குக் கிடைக்கும் பதில் இது. இதை அலட்சியமாகத் தள்ள மாட்டேன். 25 மூட்டைக்கு ஒரு நடை என்றால் ஒரு வாடகை. 14 மூட்டை என்றால் கிட்டத்தட்ட இரண்டு. விலை வீழ்ந்த நாளில் இது பெரிய தொகை. ஆனால் மறுபக்கக் கணக்கையும் போட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவின்படி அதிக பாரத்துக்கு அபராதம் ரூ.20,000. கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2,000. எடை போட மறுத்தால் ரூ.40,000. ஓட்டுநர் வேறு ஒருவராக இருந்தாலும், உரிமையாளருக்குத் தெரிந்தே நடந்தது என்று நீதிமன்றம் கருத 113-வது பிரிவு இடமளிக்கிறது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, பாரம் எவ்வளவு என்பதுதான்.

இருந்தாலும் விவசாயியை மட்டும் திருத்தச் சொல்வது நியாயமல்ல. அளவாக ஏற்றுபவரின் வாடகை அதிகம். மீறி ஏற்றுபவரின் வாடகை குறைவு. ஒழுங்காக நடப்பவர் தொழிலை இழக்கிறார். எல்லோருக்கும் ஒரே எடை என்றால்தான் இது மாறும். இப்போது பெரும்பாலான காய்கறி வண்டிகளின் சரக்கு முதன்முதலாகத் தராசைப் பார்ப்பது மேட்டுப்பாளையத்தில். அதாவது ஆபத்தான இறக்கம் முழுவதும் முடிந்த பிறகு. எடை மேலேயே தெரிய வேண்டும்.

இதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பகுதிகளில் உழவர் சந்தை, கூட்டுறவு விற்பனைச் சங்கம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஆகியவற்றின் வளாகங்களில் சிறு வண்டிகளுக்கான எடை வசதி வேண்டும். சக்கரத்துக்கு அடியில் வைத்து எடை பார்க்கும் தட்டுகள் கிடைக்கின்றன. பல ஊருக்கு ஒரு ஜோடி போதும். எடைமேடை உள்ள தேயிலைத் தொழிற்சாலைகள் வாரத்தில் ஒருநாள் உறுப்பினர்களின் வண்டிகளுக்குத் திறந்துவிடலாம். போக்குவரத்துத் துறையும் தோட்டக்கலைத் துறையும் சேர்ந்து, அபராதம் இல்லாத எடை நாள் ஒன்றை நடத்தலாம். பயம் இல்லாவிட்டால் வண்டிகள் வரிசையில் நிற்கும். வாடகையை நடைக்கு என்று பேசாமல் கிலோவுக்கு என்று பேசும் வழக்கம் வந்தால், இரண்டு மூன்று பேர் சேர்ந்து அளவான வண்டி பிடிப்பதும் எளிதாகும். களப்பணியில் உள்ள அலுவலர்கள் மண் பரிசோதனை அட்டையைக் கேட்பதுபோல, வண்டியின் எடைச் சீட்டையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அந்த விவசாயியிடம் சென்ற மாதம் பேசினேன். முன்பக்கக் கம்பித் தடுப்பையும், தேவையில்லாத இரண்டாவது ஸ்டெப்னியையும் கழற்றிவிட்டார். அண்டைத் தோட்டக்காரருடன் சேர்ந்து இரண்டு வண்டியாக அனுப்புகிறார். 14 மூட்டையில் நிறுத்தியிருக்கிறாரா என்று கேட்டேன். "பதினாறு சார்" என்றார். அதுவும் அதிகம்தான், சொல்லிவிட்டேன். ஆனால் 25-லிருந்து 16-க்கு அவரை இறக்கியது என் பேச்சு அல்ல, எடைமேடையில் கிடைத்த அந்தச் சீட்டு. அடுத்த முறை மண்டியில் சரக்கு இறக்கியதும், திரும்புவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி உங்கள் வண்டியை வெறுமையாக ஒருமுறை எடைமேடையில் ஏற்றுங்கள்.