கத்திரி வெயிலுக்கு முன் ரேடியேட்டர்



பங்குனி பிறந்துவிட்டால் நமக்கு வரும் கடிதங்களிலும் தொலைபேசி அழைப்புகளிலும் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. பழைய வண்டி, மேடு ஏறினால் ஹீட் எடுக்கிறது, பெரிய ரேடியேட்டராகப் போட்டுவிடலாமா? அலுமினியம் நல்லதா, பழைய பித்தளையே போதுமா? நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் இருபது வருடத்துக்கு மேற்பட்ட டாடா, லேலண்ட் வண்டிகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் சிறு முதலாளிகள்தான் பெரும்பாலும் இதைக் கேட்கிறார்கள். ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்துக் குடும்பம் நடத்துகிறவர்கள். வண்டி ஒரு வாரம் பட்டறையில் நின்றால் அந்த மாத வரவு செலவே தடுமாறிவிடும். அவர்களுக்காகவே இந்த மாதப் பக்கம்.

ரேடியேட்டரின் வேலை எவ்வளவு பெரியது என்பதை முதலில் பார்ப்போம். டீசலில் இருக்கும் சக்தியில் ஏறத்தாழ கால் பங்கு எஞ்சினைச் சுற்றியுள்ள தண்ணீருக்குள் சூடாக இறங்குகிறது. ஒரு லிட்டர் டீசல் எரியும்போது இறங்கும் அந்தச் சூடு, 30 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அவ்வளவையும் ரேடியேட்டர் ஓயாமல் காற்றில் விட்டாக வேண்டும். சமவெளியில் வண்டி ஓடும் வேகத்திலேயே எதிர்க்காற்று வந்து உதவும். சேலத்திலிருந்து தருமபுரிக்குப் போகும் வழியில் தொப்பூர் மேட்டில் முழு லோடோடு, சின்ன கியரில் ஊர்ந்து ஏறும்போது அந்த உதவி கிடையாது. எஞ்சின் அதிகபட்ச சூட்டைக் கொடுக்கிற அந்த நேரத்தில் காற்றுக்கு ஃபேன் ஒன்றுதான் துணை. சமவெளியில் சொல்லாத குறையை வண்டி மேட்டில் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே புது ரேடியேட்டருக்குப் பணம் எடுத்துவைக்கும் முன், இருக்கிற ரேடியேட்டர் தன் முழு வேலையைச் செய்ய நாம் விட்டிருக்கிறோமா என்று பாருங்கள். இன்டர்கூலர் உள்ள டர்போ வண்டிகளில் இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியை டார்ச் அடித்துப் பாருங்கள். பூச்சிகள், வைக்கோல் துரும்பு, பஞ்சு, கோழி லோடு ஏற்றும் வண்டியானால் இறகு, எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கம்பளிபோல் படிந்திருக்கும். முன்பக்கம் எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் அது வராது. இன்டர்கூலரைத் தள்ளி வைத்துவிட்டு, எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, ஃபின் மடங்காத அழுத்தத்தில் தண்ணீர் விட வேண்டும். பல வண்டிகளின் ஹீட் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

ஃபேனைச் சுற்றியுள்ள ஷ்ரவுட் கூட்டை எப்போதோ கழற்றிப் போட்டுவிட்ட வண்டிகளும் நிறைய உண்டு. அந்தக் கூடு இல்லாவிட்டால் ஃபேன், ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கத்தில் இருக்கும் சூட்டுக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். பெல்ட் தளர்ச்சியையும் வாட்டர் பம்ப்பையும் அப்போதே பார்த்துவிடுங்கள். டீசல் பம்ப்பைத் திருகி இழுவையைக் கூட்டியிருந்தால், சூட்டையும் சேர்த்துக் கூட்டியிருக்கிறீர்கள் என்று பொருள்.

அடுத்தது மூடி. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் இருக்கிறது. 7 பி.எஸ்.ஐ. மூடி சரியாக அடைத்தால் வெறும் தண்ணீரே ஏறத்தாழ 110 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் போன மூடியில் அந்தப் பத்து டிகிரி பாதுகாப்பு போய்விடுகிறது. அதற்காக அளவுக்கு மீறிய அழுத்தமுள்ள மூடியையும் போடக் கூடாது. பழைய ஈயப் பற்று பிளந்துவிடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊரில் பழகிப்போன வைத்தியம். இது தவறு. எஞ்சின் வேலைச் சூட்டுக்கு வர நேரமாகி டீசலும் கூடும், தேய்மானமும் கூடும். அதைவிட முக்கியமானது, தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை மூடுகிற எஞ்சின்களில் அதைக் கழற்றிவிட்டால், தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். சூட்டைக் குறைக்கச் செய்த காரியம் சூட்டை ஏற்றிவிடும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து, பிறகு ஸ்டார்ட் செய்து தண்ணீரைக் கவனியுங்கள். ஓயாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். அந்த நிலையில் எவ்வளவு பெரிய ரேடியேட்டர் போட்டாலும் பணம்தான் வீண்.

இத்தனையும் சரியாக இருந்து வண்டி இன்னும் கொதித்தால், குறை, டியூபும் ஃபின்னும் சேர்ந்த கோரில்தான். ரேடியேட்டர் பட்டறையில் மேல் டேங்கை ஈயம் உருக்கிக் கழற்றும்போது ஒருமுறை அருகில் நின்று பாருங்கள். வரிசையாகத் திறந்திருக்க வேண்டிய டியூப் வாய்களில் வெள்ளையும் துருநிறமுமாகப் படிவு அடைத்திருக்கும். சில வாய்களில் ஊசி நுழையும் அளவுகூட வழி இருக்காது. போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு அது. செம்பு சூட்டைக் கடத்தும் திறனில் நூறில் ஒரு பங்குகூட அந்தச் சுண்ணாம்புப் படிவுக்குக் கிடையாது. அடைப்பு கொஞ்சம் என்றால் ராடு விட்டுச் சுத்தம் செய்யலாம். டியூப் மெலிந்து, ஃபின் பொடிந்து, தண்ணீர்த் தொட்டியில் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கும்போது பல இடங்களில் குமிழி வந்தால், கோரை மாற்றுவதுதான் சிக்கனம்.

இனி அலுமினியமா, செம்பு–பித்தளையா என்ற கேள்வி. செம்பு அலுமினியத்தைவிட நன்றாகச் சூட்டைக் கடத்தும் என்பது உண்மை. ஆனால் பழைய ரேடியேட்டரில் பித்தளை டியூபையும் செம்பு ஃபின்னையும் சேர்ப்பது ஈயப் பற்று. அது சூட்டைக் கடத்துவதில் மந்தம். அலுமினியத்தில் அகலமான டியூபுகள் வைக்கலாம், எடையும் குறைவு. எனவே நன்றாகச் செய்யப்பட்ட அலுமினிய ரேடியேட்டர் குளிர்விப்பதில் பின்தங்காது. பழைய லாரிக்கு வேறு கணக்கும் இருக்கிறது. சேஸிஸ் முறுக்கு வாங்கும். ரப்பர் புஷ் இல்லாமல் இறுக்கிக் கட்டிய அலுமினிய ரேடியேட்டர் விரிசல் விடும். பிளாஸ்டிக் டேங்க் பிளந்தால் வழியில் ஒட்டுவேலை நிலைக்காது. எர்த் சரியில்லாத வண்டியில் கூலன்ட் வழியாக மின்சாரம் ஓடி அலுமினியத்தை அரித்துவிடும். மீட்டரின் ஒரு முனையைக் கூலன்ட்டில் முக்கி, மறு முனையைப் பேட்டரி நெகட்டிவ்வில் வைத்துப் பாருங்கள், 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எர்த் வயரைச் சரிசெய்யுங்கள்.

நம் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தூரத்து லோடு போகும் பழைய வண்டிக்கு, கம்பெனி கொடுத்த அதே டியூப் வரிசை (ரோ) கணக்கில், நல்ல கனமுள்ள செம்பு–பித்தளை கோர் மாற்றுவதே நம்பகமானது. எந்த ஊரிலும் அதைப் பற்றவைக்க ஆள் கிடைக்கும். ரோவைக் கூட்டினால் காற்று ஊடுருவுவதும் கடினமாகும். ஃபேன் அதை இழுக்குமா என்று பட்டறைக்காரரிடம் கேட்டபிறகே கூட்டுங்கள். கோர் மாற்றும்போதே ஹோஸ், கிளாம்ப், மூடி, தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் புதிதாக்கிவிடுங்கள். எஞ்சினுக்குள் இருக்கும் துருவையும் கழுவி வெளியேற்றாவிட்டால் புதுக் கோரும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

ஊற்றுவது கூலன்ட்டாக இருக்கட்டும். பனி பெய்யாத ஊருக்கு அது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. துருவையும், வெட் லைனர் எஞ்சின்களில் லைனர் சுவரில் குழி விழுவதையும் தடுப்பது கூலன்ட்டில் கலந்துள்ள மருந்துதான். அதற்கேற்ற வகையாகப் பார்த்து வாங்கி, கனிமம் நீக்கிய தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால், கொதிநிலையும் சில டிகிரி உயரும். காஷ்மீர்ப் பக்கம் லோடு போனாலும் உறையாது.

கடைசியாக, ஓட்டுநர்களைப் பற்றி. ரேடியேட்டர் கொதித்தால் முதலில் வெந்துபோவது அவர்கள் கைதான். வழியில் நின்று, லோடு தாமதமாகும் பயத்தில், சூடு ஆறும் முன் மூடியைத் திறந்து முகமும் மார்பும் வெந்துபோனவர்கள் நம் தொழிலில் உண்டு. “முதலாளி, வண்டி ஹீட் எடுக்குதுங்க” என்று ஓட்டுநர் சொன்னால் அவர் ஓட்டும் விதத்தைக் குறை சொல்லாமல், அன்றே வண்டியைப் பாருங்கள். ஓட்டுநர் தம்பிகளே, அரை மணி நேரமாவது ஆறவிடாமல் மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஹெட் கிராக் விட்டுவிடும். லோடு ஒரு மணி நேரம் தாமதமாகட்டும், பரவாயில்லை.

மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும். அதற்குள் ஒருநாள் வண்டியை நிறுத்தி, மூடியிலிருந்து கோர் வரை பார்த்துவிடுங்கள். டாஷ்போர்டில் செத்துக்கிடக்கும் டெம்பரேச்சர் மீட்டரையும் அன்றே உயிர்ப்பித்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்