வீட்டுத் தோட்டம்: மண்வெட்டியைத் தூக்க முதல்



பனி கரைந்து புல் தெரியத் தொடங்கினால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இராது. தொழிற்சாலையில் சாப்பாட்டு மேசையில் இப்போது இதுதான் கதை. ஒருவர் பின்வளவுப் புல்லை முழுக்கக் கிளப்பிவிட்டுப் பயற்றங்காய்க்குப் பந்தல் போடப் போகிறாராம். இன்னொருவர் கடையில் மலிவு விற்பனை போடும் நாளில் முப்பது பை மண் ஏற்றி வரப் போகிறாராம். ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ அண்மையில் வீடு எடுத்து, அல்லது வாடகைக்கு வந்து, முதல் தடவையாக ஒரு துண்டு நிலம் கைக்குக் கிடைத்த குடும்பங்களுக்காக இந்த முறை எழுதுகிறேன். என்ன நடுவது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம். நடுவதற்கு முன் எதைப் பார்ப்பது என்பதுதான் இன்றைய கதை. ஒரு கொப்பித் தாள், ஒரு பென்சில், ஒரு அளவு நாடா போதும். ஏப்ரல் மாதத்தில் இரண்டு மூன்று சனிக்கிழமைகளை இதற்கு ஒதுக்கினால், ஓவர்ரைம் செய்து உழைத்த காசு மே மாதத்தில் மண்ணோடு மண்ணாகப் போகாது.

"ஊரில தோட்டம் செய்த எங்களுக்கு இதை ஆர் சொல்லித் தர வேணும்?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. கொத்திய கை மறக்காது. ஆனால் இங்கே வெயிலும் வேறு, மண்ணும் வேறு. ஊர் ஞாபகத்தை வைத்து இங்கே பாத்தி பிடித்தால் ஞாபகம்தான் மிஞ்சும்.

முதலில் வெயில். யாழ்ப்பாணத்தில் சூரியன் வருடத்தில் இரண்டு தடவை நேர் உச்சிக்கு வரும். ரொறன்ரோவில் ஒருநாளும் வராது. நடுக் கோடையிலும் தெற்குப் பக்கம் சாய்ந்தே நிற்கும். அதனால் மதிய நேரத்து நிழல் எப்போதும் வடக்கே விழும். மார்ச் கடைசியில் 6 அடி வேலியின் மதிய நிழல் ஏறக்குறைய 5 அடி நீளம். யூன் கடைசியில் அதே வேலிக்கு 2 அடிக்குச் சற்று மேல். உங்கள் பின்வளவு வீட்டுக்கு வடக்கே இருந்தால், வீட்டின் நிழலே பாதி வளவைத் தின்றுவிடும். ஒரு சனிக்கிழமை காலை 9 மணி, மதியம் 1 மணி, மாலை 5 மணிக்கு வெளியே போய் நிழல் விழும் இடத்தைத் தாளில் கோடு போடுங்கள். மிளகாய், கத்தரி, தக்காளி, வெண்டி எல்லாவற்றுக்கும் குறைந்தது 6 மணி நேர வெயில் வேண்டும். கீரை வகை 4 மணி நேரத்துடன் சமாளிக்கும்.

இதில் ஒரு ஏமாற்று வேலை உண்டு. ஏப்ரலில் பக்கத்து வீட்டு மேப்பிள் மரம் மொட்டையாக நிற்கும். வளவு முழுக்க வெயில் என்று நினைத்து நட்டால், யூனில் இலை விரித்து முழுக்க மூடிவிடும். மரம் எங்கே நிற்கிறது என்பதையும் படத்தில் குறியுங்கள். அது கறுப்பு வால்நட் மரமாக இருந்தால் தக்காளியையும் கத்தரியையும் அதன் பக்கமே கொண்டு போக வேண்டாம். அதன் வேரிலிருந்து வரும் ஒரு நஞ்சு அவற்றை வாட்டிச் சாகடிக்கும். மரத்தைத் தறித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் விட்டம் உள்ள மரத்தைத் தறிக்க ரொறன்ரோவில் நகராட்சியின் அனுமதி வேண்டும், மரம் உங்கள் சொந்த வளவில் நின்றாலும்.

இரண்டாவது தண்ணீர். பனி கரையும் இந்தக் கிழமைகள் நல்ல வாத்தியார். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே பனி கடைசியாகக் கரைகிறது என்று பாருங்கள். அந்த இடங்களில் பாத்தி வேண்டாம். பல வீடுகளில் இரண்டு காணிகளுக்கும் நடுவே ஆழமில்லாத ஒரு பள்ளம் ஓடும். அது பிழையாகக் கட்டியது அல்ல, மழைத் தண்ணீர் வழிந்து போக வேண்டுமென்றே விட்ட வாய்க்கால். அதை மண் போட்டு நிரவினால் தண்ணீர் உங்கள் பேஸ்மன்றுக்குள் வரும், அல்லது பக்கத்து வீட்டாருடைய பேஸ்மன்றுக்குள் போகும். ஊரில் வேலிச் சண்டையில் வழக்குப் பேசியது போதாதா? வீட்டுச் சுவரோடு மண்ணை உயர்த்திப் பாத்தி கட்டுவதும் கூடாது. சுவரிலிருந்து நிலம் வெளிப்பக்கம் சரிவாகவே இருக்க வேண்டும்.

இனி மண். வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். எவ்வளவு இறைத்தாலும் தண்ணீர் இறங்கிவிடும். இங்கே பெரும்பாலான வளவுகளில் களி. புதுக் குடியிருப்புகளில் இன்னும் மோசம். கட்டும்போது மேல் மண்ணை வழித்தெடுத்து, இயந்திரங்கள் ஓடி இறுகிய அடிமண்ணின் மேல் மெல்லிய மண்ணும் புல்லும் விரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு அடி ஆழக் கிடங்கு வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது இறங்கிய பிறகு மறுபடி நிரப்புங்கள். அடுத்த நாளும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் உயர்த்திய பாத்திதான் சரி.

களியை ஈரத்தோடு கொத்தக் கூடாது. கையில் பிடித்து உருட்டி விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் பிசைந்த மாப்போல நின்றால் இன்னும் ஒரு கிழமை பொறுங்கள். ஈரத்தில் கொத்திய களி காய்ந்தால் செங்கல்லாகிவிடும். களியை இளக்க மணல் கலப்பவர்களும் உண்டு. அது சீமெந்துக் கலவை போல இறுகிவிடும். கொம்போஸ்ட்தான் மருந்து. ஊர் வழக்கப்படி அடுப்புச் சாம்பல் போடுவதையும் இங்கே விட்டுவிடுங்கள். இந்தப் பக்கத்து மண் பெரும்பாலும் ஏற்கெனவே காரத்தன்மை உள்ளது, சாம்பல் அதைக் கூட்டும்.

ஒரு கணக்குப் பாருங்கள். 4 அடி அகலம், 8 அடி நீளம், 1 அடி உயரத்துக்குப் பலகை அடித்து நிரப்ப 32 கன அடி மண் வேண்டும். 28 லீற்றர்ப் பை என்றால் ஏறக்குறைய 32 பை. அதே அளவு நிலத்தைக் கொத்தி 2 அங்குலம் கொம்போஸ்ட் பரப்பினால் 6 பைக்குள் முடிந்துவிடும். உங்கள் கடையில் ஒரு பையின் விலையைப் பார்த்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். தண்ணீர் தேங்காத வளவில் பலகை அடிப்பது வடிவுக்கு மட்டும்தான் என்பது என் அபிப்பிராயம். பழைய பலகை சும்மா கிடைக்கிறது என்று எடுத்துவர வேண்டாம். 2004க்கு முந்திய பச்சை நிறப் பதமிட்ட மரத்தில் ஆசனிக் நஞ்சு இருக்கலாம். ரயில் பாதைக் கட்டையும் ஆகாது. 1960க்கு முன் கட்டிய வீடென்றால் பழைய பெயின்ற் உதிர்ந்து சுவரோரத்து மண்ணில் ஈயம் கலந்திருக்கக் கூடும். அங்கே கீரை போடாமல் பூச்செடி வையுங்கள்.

இதுவரை சொன்னது காசுக் கணக்கு. அடுத்தது உயிர்க் கணக்கு, தயவுசெய்து இதைத் தாண்டிப் போக வேண்டாம். ஊரில் மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் கல்லில்தான் படும். இங்கே நிலத்துக்குக் கீழே எரிவாயுக் குழாய், மின்சார வயர், தொலைபேசி வயர் எல்லாம் போகின்றன. சில வயர்கள் ஒரு சாண் ஆழத்தில்கூட இல்லை. ஒன்ராறியோ வன் கோல் என்ற அமைப்புக்குக் குறைந்தது 5 வேலை நாட்களுக்கு முன் அறிவித்தால், ஆட்கள் வந்து நிலத்தில் நிறம் அடித்துக் காட்டிவிட்டுப் போவார்கள். மஞ்சள் எரிவாயு, சிவப்பு மின்சாரம், செம்மஞ்சள் தொலைபேசி, நீலம் தண்ணீர், பச்சை கழிவுநீர். ஒரு சதமும் இல்லை. சட்டப்படியும் இது கட்டாயம். பந்தற்கால் நடக் கிடங்கு வெட்டுவதும் இதற்குள் அடங்கும். வீட்டிலிருந்து கராச்சுக்கு முந்திய சொந்தக்காரர் தானாக இழுத்த வயர் போன்றவற்றை அவர்கள் காட்ட மாட்டார்கள், அதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

இனிப் படம் கீறலாம். இதில் என் அம்மாவிடம் நான் படித்ததைச் சொல்கிறேன். அம்மா இங்கே வந்த முதல் வருடம் யன்னலோடு இருந்தவ. பாசை தெரியாது, பஸ் ஏறத் தெரியாது, பேரப் பிள்ளைகள் கதைப்பது பாதி விளங்காது. தோட்டத்துக்குப் படம் கீறி அவவிடம் காட்டியபோது கத்தரியைப் பற்றியோ மிளகாயைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. மூன்று கேள்வி கேட்டா. "தண்ணிப் பைப் எங்கை? நான் இருக்கிற கதிரை எங்கை? குசினிக்குள்ள நிண்டு பார்த்தால் தெரியுமோ?" கடையில் விற்கும் தோட்டப் புத்தகங்களில் இதைவிட நல்ல திட்டம் நான் காணவில்லை. பைப்புக்குத் தூரமான பாத்தி யூலையில் வாடும். குசினியில் இருந்து தெரியாத பாத்தியை அணிலும் முயலும் உங்களுக்கு முதல் அறுவடை செய்துவிடும். முழங்கால் நோ உள்ளவர்களுக்கு நடைபாதை 3 அடி இருக்க வேண்டும். பாத்தியின் அகலம் 4 அடிக்கு மேற்படக் கூடாது, இரண்டு பக்கமும் இருந்து கை எட்ட வேண்டும். இப்போது எங்கள் வீட்டில் தோட்டத்தைப் பற்றிப் பிள்ளைகள் அம்மம்மாவிடம்தான் போய்க் கேட்கிறார்கள். அவ சொல்லிக் கொடுக்க இந்த நாட்டில் இது ஒன்றாவது இருக்கிறது.

உயரப் படரும் பாகல், புடோல், பயற்றைப் பந்தல் எல்லாம் வளவின் வடக்கு ஓரத்தில் வர வேண்டும். தெற்கே போட்டால் மற்றதெல்லாம் அதன் நிழலில் சுருங்கிவிடும். வெளிப் பைப்புக்கு வீட்டுக்குள்ளே ஒரு பூட்டு உண்டு. உறைபனி முடிந்து அதைத் திறக்கும்போது உள்ளே ஒருவரை நிறுத்தி ஒழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

எத்தனை பாத்தி? முதல் வருடம் இரண்டுக்கு மேல் வேண்டாம். 12 மணி நேர சிப்ற் முடித்து வந்து யூலை வெயிலில் தண்ணீர் ஊற்றப் போகிறவர் யார் என்று வீட்டில் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். வளவு முழுக்கக் கொத்திவிட்டு ஓகஸ்ற்றில் புல்லுக்கு விட்டவர்களை எனக்குத் தெரியும். மிச்ச நிலத்துக்கு அவசரம் இல்லை. ஒக்ரோபரில் புல்லின் மேல் காட்போட் பெட்டிகளை விரித்து, நனைத்து, மேலே உதிர்ந்த இலைகளைக் குவித்து விடுங்கள். அடுத்த வசந்தத்தில் புல் செத்து மண் இளகி இருக்கும். ஊரில் பூவரசங்குழை தாழ்த்திய அதே வேலைதான், இங்கே மேப்பிள் குழை. பக்கத்து வீட்டார் அதைக் கடதாசிப் பைகளில் கட்டித் தெருவோரம் வைப்பார்கள். கேட்டால் சந்தோசமாகத் தருவார்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரின் சம்மதத்தை வாயால் மட்டுமல்ல, எழுத்திலும் வாங்குங்கள், தொலைபேசிச் செய்தியாக இருந்தாலும் போதும். இல்லையென்றால் வாளிகளில் வளர்க்கலாம். உணவுப் பொருள் வந்த 20 லீற்றர் வாளியின் அடியில் துளை போட்டால் ஒரு கத்தரிக்கோ மிளகாய்க்கோ போதும். வீடு மாறும்போது கூடவே கொண்டு போகலாம்.

விக்ரோறியா தினம் வரை, அதாவது மே 24ஐ ஒட்டிய அந்தத் திங்கள் வரை, மிளகாய்க் கன்றை வெளியே நிரந்தரமாக வைக்க வேண்டாம். ஆனால் மிளகாயும் கத்தரியும் வெளியே போக 8 முதல் 10 கிழமை முன்பே வீட்டுக்குள் முளைக்கப் போட வேண்டியவை. இன்னும் போடாதவர்கள் இன்றைக்கே போடுங்கள். நாற்றைப் பராமரித்து வெளிக் காற்றுக்குப் பழக்குவது பற்றி அடுத்த இதழில்.