கழுத்துக்கு க்ரீம் கொடுத்தாச்சு, இதயத்துக்கு?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பாவுக்கு வயசு 47. கழுத்தைச் சுற்றி கரேல் என்று, வெல்வெட் துணி ஒட்டின மாதிரி தடித்துப் போயிருந்தது. "அழுக்குடா, எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது" என்றார். சித்தி விடவில்லை. போனில் ஒரு ஆப் போட்டு, ரெண்டு போட்டோ அனுப்பி, தோல் மருத்துவரோடு வீடியோவில் பேச வைத்துவிட்டார். நாலே நிமிஷம். ஒரு க்ரீம், ஒரு சோப்பு. முடிஞ்சுது.

ரெண்டு வாரம் கழித்து, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வரும் அக்கா வந்தார். சித்தப்பா கையில் பட்டையைச் சுற்றினார். பி.பி. 168/104. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 260. ரெண்டுமே இருப்பது அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது!

அந்த அக்கா டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர் கேட்காததை அவர்தான் பார்த்தார். என் கோபம் இங்கேதான் ஆரம்பிக்குது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தொலைமருத்துவத்துக்கு எதிரி இல்லை. 2020 மார்ச்சில் மத்திய அரசு அதற்கு நெறிமுறைகள் வெளியிட்ட பிறகு எத்தனையோ பேருக்கு பஸ் காசும் ஒரு நாள் கூலியும் மிச்சமாகியிருக்கும். படை, சொறி, சிரங்குக்கெல்லாம் போட்டோ போதும் என்றால் சந்தோஷம்தான். ஆனால் தோலை வெறும் போட்டோவாகவே பார்ப்பது என்ன நியாயம்?

சித்தப்பா கழுத்தில் இருந்தது அழுக்கே இல்லை. அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். பெரும்பாலும், உடம்பு இன்சுலின் சொல்பேச்சைக் கேட்க மறுக்கிறது என்பதற்கான அடையாளம். அதைத் தேய்த்து வெளுக்கப் பார்ப்பது, வீட்டில் புகை வந்தால் சுவருக்கு வெள்ளையடிக்கிற கதை.

இது ஒன்று மட்டுமா? கண் இமை ஓரத்தில் மஞ்சளாகக் கொழுப்புத் திட்டு வருமே, அழகு கெடுகிறது என்று சுட்டு எடுப்பார்களே, அது இருப்பவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து கூடுதல் என்று 2011-ல் டென்மார்க் ஆய்வு ஒன்று காட்டியது. அவர்களில் பாதிப் பேருக்குக் கொலஸ்ட்ரால் அளவு சாதாரணமாகக்கூட இருக்கலாம். சொரியாசிஸ்? பிரிட்டன் நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2006-ல் வந்த ஆய்வு, கடுமையான சொரியாசிஸ் உள்ள இளவயசுக்காரர்களுக்குத்தான் மாரடைப்பு ஆபத்து மற்றவர்களைவிட அதிக மடங்கு கூடுகிறது என்றது. 2018-ல் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட கொலஸ்ட்ரால் வழிகாட்டியும் சொரியாசிஸை ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் சேர்த்துவிட்டது.

"தோல் டாக்டர் எதுக்குய்யா இதயத்தைப் பார்க்கணும்?" என்று கேட்பீர்கள். வைத்தியம் பார்க்க வேண்டாம் சாமி, கேட்டால் போதும்!

"போனில் எப்படி பி.பி. பார்ப்பது?" என்பது அடுத்த கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் புதுப்பித்த இதய ஆபத்து அட்டவணைகளில், ரத்தப் பரிசோதனையே தேவைப்படாத ஒன்றும் இருக்கிறது. 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு. அதற்கு வேண்டியது வயசு, ஆணா பெண்ணா, புகைபிடிப்பாரா, உயரத்துக்கு ஏற்ற எடையா, பி.பி.யின் மேல் எண். அவ்வளவுதான். அடுத்த பத்து வருஷத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று காட்டிவிடும். பி.பி. தவிர எல்லாமே போனில் கேட்கக்கூடியவை. பி.பி.யை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிட்டு வரச் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? அந்த அட்டவணை சர்க்கரையைக் கணக்கில் எடுக்காது, அதைத் தனியாகப் பார்க்கச் சொல்ல இன்னொரு அரை நிமிஷம்.

நமக்கு இது பெரிய விஷயம் ஏன் தெரியுமா? 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த வயசு சுமார் 53. மற்றவர்களுக்குச் சுமார் 59. சித்தப்பாவுக்கு 53 வர இன்னும் ஆறே வருஷம்.

ஆக, நான் கேட்பது இதுதான். ஆப்பில் போட்டோ ஏற்றும் இடத்துக்குப் பக்கத்திலேயே பி.பி., எடை, இடுப்புச் சுற்றளவு, பீடி சிகரெட் என்று நாலு கட்டம் வையுங்கள். கட்டம் காலியாக இருந்தால் மருத்துவர் கேட்கட்டும். க்ரீம் விற்றால்தான் காசு, கேள்வி கேட்டால் காசு இல்லை என்பதுதான் பிரச்சினை என்றால், அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். "மருத்துவ ஆலோசனை" என்று போர்டு மாட்டாதீர்கள்.

சித்தப்பா இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், காலையில் நடக்கிறார். க்ரீம் பாதி ட்யூப் அலமாரியில் கிடக்கிறது.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் அப்பா, மாமா கழுத்தை ஒரு தடவை பாருங்கள். கறுப்பாக இருந்தால் சோப்பை எடுக்காதீர்கள். பி.பி.யும் சர்க்கரையும் பார்க்கக் கூட்டிக்கொண்டு போங்கள். மருத்துவம் படிக்கும் நண்பர்கள் சண்டைக்கு வருவதாக இருந்தால், பின்னூட்டத்தில் வாங்க, பேசுவோம்.