யாருக்குப் பிடித்த குளிர்?

லயத்துப் பிள்ளைகள் மழை நாளில் விளையாடும் விளையாட்டு ஒன்று உண்டு. கொப்பியின் கடைசிப் பக்கத்தில், எங்குமே இல்லாத ஓர் ஊருக்குப் பெயர் வைப்பார்கள். அந்த ஊரில் எந்த மாதம் மழை, எத்தனை மணிக்கு வெயில், பனி விழுமா, காற்று எந்தப் பக்கமிருந்து என்று எழுதுவார்கள். பிறகு கொப்பி கைமாறும். மற்றவர்கள் பத்துக்குப் புள்ளி போடுவார்கள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பிள்ளை, "வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும் மழை, அதுவும் ராத்திரி பத்து மணிக்கு மேல" என்று எழுதி ஒன்பது வாங்கியது. ஐஸ் மழை பெய்யும் ஊரை எழுதிய இன்னொரு பிள்ளைக்கு மூன்றுதான் கிடைத்தது. ஏன் மூன்று என்று கேட்டோம். "தகரம் தாங்காது" என்றார்கள். அந்தப் பிள்ளைகள் வானத்துக்குப் போட்ட புள்ளியில் பாதி கூரைக்குப் போட்டது. தோழர்களே, இதைப் பற்றித்தான் இம்முறை கொஞ்சம் பேச நினைக்கிறோம்.

இதே விளையாட்டைப் பெரியவர்களும் விளையாடியிருக்கிறார்கள். சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1847 இல் காய்ச்சல் உடம்போடு நுவரெலியாவுக்கு ஏறினார். உடம்பு தேறியது, குளிர் பிடித்துவிட்டது. அடுத்த வருடமே இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் விவசாயக் கருவிகளையும் கப்பலேற்றிக் கொண்டுவந்து, 6,000 அடி உயரத்தில் தன் நாட்டுக் கிராமம் ஒன்றை உண்டாக்கப் பார்த்தார். மனதுக்குள் இருந்த காலநிலைக்கு ஏற்ற ஊரைத் தேடிப் பிடித்து அதற்குப் பத்துக்குப் பத்துப் போட்டவர் அவர். "குட்டி இங்கிலாந்து" என்ற பெயர் இன்றைக்கும் சுற்றுலா விளம்பரங்களில் ஓடுகிறது. ஏப்ரல் மாதம் வந்தால் கொழும்பிலிருந்து குளிர் தேடி வருகிறார்கள், கம்பளிச் சட்டையோடு படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். அவர்கள்மீது நமக்குக் கோபமில்லை. நமது பிள்ளைகள் சிலருக்கு அந்த மாதத்தில் வேலையும் கிடைக்கிறது.

நமது முன்னோர் இராமநாதபுரம், புதுக்கோட்டை, மதுரை, திருச்சிராப்பள்ளி என்று வறண்ட சீமைகளிலிருந்து வந்தவர்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்து, வழியில் பாதிப் பேரைப் புதைத்துவிட்டு வந்ததாகச் சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. எந்தக் குளிர் பிடிக்கும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. முதலில் கோப்பிச் செடியைக் கேட்டார்கள், பிறகு தேயிலைச் செடியைக் கேட்டார்கள். தேயிலைக்கு 18 முதல் 25 பாகை வரை சூடு வேண்டும், வருடம் முழுக்கப் பரவலாக மழை வேண்டும், வேரில் தண்ணீர் தேங்காத சரிவு வேண்டும். சரிவு என்ற சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறோம்.

ஊவாப் பக்கத் தோழர்களுக்கு இது தெரியும். யூலை முதல் செப்டெம்பர் வரை அங்கே வறண்ட காற்று அடிக்கும். அந்தக் காற்றுப் பட்ட கொழுந்தின் வாசத்துக்குக் கொழும்பு ஏலத்தில் தனி விலை. அதே காற்றில் தளிர் மெதுவாகத்தான் வரும். கூடை நிறையாது, கேட்ட கிலோ சேராது, அரைப் பேர் விழும். உதடும் குதிகாலும் வெடிக்கும். ஏலத்தில் குந்தியிருப்பவர் பத்துப் போடும் காற்றுக்கு மலையில் நிற்பவள் நான்குதான் போடுவாள். மேற்குப் பக்கம் வேறு கதை. வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. நாம் பாடசாலையில் படித்த ஆறு பருவத்தில் ஆனி, ஆடி முதுவேனில், கடும் கோடை. வட்டவளையிலும் மஸ்கெலியாவிலும் அந்த இரண்டு மாதமும் படங்கு காயாத மாதம். பருவம் வகுத்த புலவர்கள் அட்டைக்கடி படாதவர்கள் போலிருக்கிறது.

இவ்வளவும் சொன்னது மயிலிட்டிக்கு வருவதற்காக. எங்கள் கிளை மாதர் அணியினரும் பிள்ளைகளும் வடக்குக்கு ஒரு பயணம் போனோம். காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையில், வடக்கைப் பார்த்த கடற்கரை அது. அங்கே பெய்யும் மழை வட்டவளையில் பெய்வதில் ஏறக்குறையக் கால் பங்குதான், அதுவும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டி முடிந்துவிடும். ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே ஊறும் தண்ணீரைக் கிணற்றில் அள்ளித்தான் குடிக்கவும் பயிருக்கும். எங்கள் பிள்ளைகள் துறைமுகத்தில் கால் வைத்ததும் பத்துப் போட்டுவிட்டார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு அது ஐந்தாகியது. "இந்த வெயில்ல நம்மளால பேர் போட முடியாது" என்று எங்களில் ஒருவர் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார்.

அங்கே மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். "பனிக்குள்ள நிண்டு வேலை செய்யிறது நல்ல சுகமா இருக்கும், என்ன?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் வயதான ஒருவர் பதில் சொல்லாமல் விரலை நீட்டிக் காட்டினார். காலையில் ஈரக்கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்து வெடித்த விரல். அந்த அம்மா தன் கையைக் காட்டினார். உப்பு தின்ற கை. அதற்குப் பிறகு காலநிலை பற்றிய பேச்சு வேறு மாதிரிப் போனது.

1990 யூனில் மயிலிட்டிச் சனங்கள் ஊரை விட்டு எழும்பினார்கள். துறைமுகமும் அதை ஒட்டிய 54 ஏக்கர் அளவு காணியும் 2017 யூலையில்தான் விடுபட்டன. இடையில் 27 வருடம். பலர் குடாநாட்டுக்குள்ளேயே, சொந்த ஊரிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் நலன்புரி முகாம்களில் இருந்தார்கள். யோசித்துப் பாருங்கள்: ஒரே வெயில், ஒரே மழை. வானிலை நிலையத்தின் கணக்கில் வித்தியாசமே கிடையாது. அந்த அம்மா சொன்னார்: "மழையும் வெயிலும் ரெண்டு இடத்திலயும் ஒண்டுதான். ஆனா முகாமுக்குள்ள காத்து வராது. கிடுகுக் கொட்டிலுக்குள்ள கிடந்துகொண்டு எங்கட வாடைக்காத்தை நினைச்சுக்கொண்டு படுப்பம்." முகாமிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மயிலிட்டி என்பது கேட்டுக் கேட்டு மனதில் கட்டிய ஊர். எங்கள் பிள்ளைகள் கொப்பியில் எழுதுகிற ஊரைப் போலத்தான் அதுவும். அந்த ஊரில் வெயில் சுடாது, காற்று எப்போதும் இதமாக வீசும்.

திரும்பி வந்த பிறகு உண்மையான வாடை வீசியது. வடகடல் வாடைக் காலத்தில் கொந்தளிக்கும், படகு கரையில் கிடக்கும், வருமானம் நிற்கும். இப்போது எத்தனை போடுவீர்கள் என்று கேட்டோம். "நினைச்ச காத்துக்குப் பத்து. வீசுற காத்துக்கு ஆறு" என்று சிரித்தார். பிறகு, "எண்டாலும் அந்த ஆறு எங்கட ஆறு" என்றார். முகாமில் இருந்தபோது கடல் கொந்தளித்தாலும் அமைதியாக இருந்தாலும் அவர் அதற்குப் புள்ளி போட முடிந்திருக்காது.

மயிலிட்டிக்கு இன்னொரு கதையும் உண்டு. 1990க்கு முன்பு அங்கே காசநோய் வைத்தியசாலை ஒன்று இருந்தது. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் உலகம் முழுக்க வைத்தியர்கள் காற்றைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். சிலர் மலைக்காற்று என்றார்கள், சிலர் கடற்காற்று என்றார்கள். நோயாளிக்கு ஏற்ற காலநிலையை மனதில் வகுத்து, அதற்குப் பொருத்தமான இடத்தில் கட்டடம் எழுப்பினார்கள். நமது மலையை வெள்ளைக்காரத் துரை உடம்பு தேற்றும் இடம் என்றார், அதே மலையில் ஒரே காம்பராவுக்குள் ஏழு எட்டுப் பேர் படுத்த நமது சனங்களுக்கு இருமல் தீரவில்லை.

காற்றா, மருந்தா என்ற கேள்விக்குச் சென்னையில் ஒரு பதில் கிடைத்தது. அங்கு 1956 இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில், ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் நல்ல காற்றும் ஓய்வும் சத்தான சாப்பாடும் உள்ள வைத்தியசாலையில் இருந்தார்கள். மற்றவர்கள் நெரிசலான வீட்டில் இருந்தபடியே அதே மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். 1959 இல் வந்த முடிவு பலரை ஆச்சரியப்படுத்தியது. ஒரு வருடச் சிகிச்சையில் இரண்டு பகுதியினரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமானார்கள். குணப்படுத்தியது மருந்தும் அதை விடாமல் கொடுத்த ஆட்களும். இதைச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நோய் வந்த பிறகு நெரிசல் வீட்டிலும் குணமாகலாம், ஆனால் காற்றோட்டமில்லாத காம்பராவில் அது ஒருவரிலிருந்து ஒருவருக்குப் பரவுகிறது. ஜன்னல் இல்லாத லயத்தைக் காட்டி, "மலைக்காற்று நல்லதுதானே" என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இப்போது சரிவுக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயங்கள் மண்ணுக்குள் போயின. ஆபத்தான இடம் என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் நாடு முழுக்க 600க்கும் அதிகமானோர் இறந்தார்கள், மலைநாட்டில் அடுத்தடுத்து மண் சரிந்தது. தேயிலைக்குத் தண்ணீர் தேங்காத சரிவு பிடிக்கும் என்றோம் அல்லவா, அந்தச் சரிவில்தான் நமது வீடுகளும் இருக்கின்றன.

அதற்குப் பிறகு ஒரு பேச்சு எழும்பியிருக்கிறது. மலையை விட்டு வடக்குக்குப் போய்விடலாமே, அங்கே சமநிலம், மண் சரியாது, காணியும் உண்டு என்கிறார்கள். நல்ல மனதோடு சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி சொல்கிறோம். 1977 இலும் 1983 இலும் அடிபட்டு ஓடிய நமது சனங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். போரில் பலமுறை எழும்பினார்கள். காணி உறுதிக்காக இன்னும் அலைபவர்கள் அவர்களில் உண்டு. அங்கே போக விரும்பும் குடும்பத்தை நாங்கள் தடுக்க மாட்டோம். மலையில் இருக்க விரும்புபவரை மழையைக் காட்டி இறக்கவும் விடமாட்டோம். 200 வருடத்துக்கு முன்பு நம்மைக் கேட்காமல் ஒரு காலநிலைக்கு ஏற்றினார்கள். இரண்டாம் முறையும் கேட்காமல் வேறொரு காலநிலைக்கு இறக்குவதென்றால் அதை உதவி என்று நாங்கள் சொல்ல மாட்டோம். குடும்பத்துக்குக் காணி வேண்டும், உறுதியோடு வேண்டும், சரியாத இடத்தில் வேண்டும். அது எந்த மாவட்டம் என்பதைக் குடும்பம் சொல்லட்டும். மயிலிட்டி அம்மா தன் ஆறு புள்ளிக் காற்றைத் தேர்ந்தெடுத்ததைப் போல.

இன்னொன்று உடனே செய்யக்கூடியது, காசும் அதிகம் வேண்டாம். தோட்டங்களில் மழைமானி இருக்கிறது. காலையில் அளந்து கணக்கெழுதுகிறார்கள். உரம் போடவும் கவ்வாத்துக்கும் அந்தக் கணக்கு வேண்டும், ஆகவே செடிக்காக அளக்கிறார்கள். அதே கணக்கு மனிதருக்கும் வேண்டும். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இரு, 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக இரு, 150ஐத் தாண்டினால் உடனே வெளியேறு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று எல்லை வைத்திருக்கிறது. இந்த மூன்று எண்ணும் லயத்துக் கதவில் எழுதப்பட வேண்டியவை. நேற்று எவ்வளவு பெய்தது என்பது கந்தோர்ப் புத்தகத்துக்குள் மட்டும் இருந்தால் யாருக்கு என்ன பயன்?

ஆகவே அடுத்த மாதக் கிளைக் கூட்டங்களில் மூன்று விடயம் எடுப்போம். மழைமானிக் கணக்கு ஒவ்வொரு காலையும் பிரட்டுக்களத்துப் பலகையில் எழுதப்பட வேண்டும். இரவில் கடும் மழை பெய்தால் அளந்து சொல்ல ஆள் வேண்டும், ஒவ்வொரு லயத்துக்கும் அந்தச் செய்தி போக வேண்டும். 100ஐத் தாண்டிய நாளில் வேலைக்குப் போகாமல் பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போனவருக்கு அன்றைய பேர் வெட்டப்படக்கூடாது. உங்கள் தோட்டத்தில் மழைமானி எங்கே இருக்கிறது, யார் அளக்கிறார்கள், நேற்று எவ்வளவு என்பதைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.