மலிவு மின்சாரமும் ஒப்பந்தத்தின் மறுபக்கமும்

மின்சார விற்பனையாளரை நாமே தேர்ந்தெடுக்கும் திறந்த மின்சாரச் சந்தை பாசிர் ரிஸ் வீடுகளுக்கு வந்தது 2019 மார்ச் மாதத்தில். எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் அதே எஸ்பி குழுமக் கம்பி, அதே மீட்டர். மாறுவது கட்டணம் மட்டுமே. தள்ளுபடியைப் பார்த்துப் பல குடும்பங்கள் மாறின. தவறில்லை, மிச்சமும் ஆயிற்று.

2021 அக்டோபரில் நிலைமை தலைகீழானது. சிங்கப்பூரின் மின்சாரத்தில் 95 விழுக்காடு அளவுக்கு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. உலகச் சந்தையில் எரிவாயு விலை எகிறியதும், குறைந்த விலைக்கு ஒப்பந்தம் போட்டிருந்த ஐஸ்விட்ச் உள்ளிட்ட சில நிறுவனங்கள் கடையைக் கட்டின. விளக்கு எதுவும் அணையவில்லை. வாடிக்கையாளர்கள் எஸ்பி குழுமத்துக்குத் திரும்பினார்கள். ஆனால் நம்பிக் கையெழுத்திட்ட விலை போயே போயிற்று.

இன்றும் மாறலாம். மாறும் முன் தகவல் தாளைக் கடைசி வரி வரை படியுங்கள்: கிலோவாட் மணிக்குச் சொல்லும் காசில் பொருள் சேவை வரி சேர்ந்திருக்கிறதா, முன்வைப்புத் தொகை எவ்வளவு, ஒப்பந்தம் முடிந்தபின் என்ன விலை? நிலையான விலைத் திட்டமா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் எஸ்பி கட்டணத்தில் தள்ளுபடியா என்பதும் முக்கியம். பின்னதில், அந்தக் கட்டணம் ஏறினால் உங்கள் பில்லும் ஏறும். மாறினால், பயனீட்டுக் கட்டணத்துக்கு அரசாங்கம் தரும் யூ-சேவ் கழிவு போய்விடுமோ என்று சில முதியவர்கள் தயங்குகிறார்கள். போகாது.

நமக்கு உறுத்துவது வேறு. குடும்பம் பாதியில் விலகினால் அபராதம் கட்டுகிறது. விற்பனையாளர் பாதியில் விலகினால், விலை வித்தியாசத்தில் ஒரு பங்கையாவது அவர் ஏற்கும்படி எரிசக்திச் சந்தை ஆணையம் விதி வகுக்க வேண்டும்.