ஒரு நிலையம் தள்ளி

ரயிலைக் கண்டு களிக்க விரும்புகிறவர்கள் சென்னையில் சாதாரணமாகச் சென்ட்ரல் நிலையத்துக்கே போகிறார்கள். 1873-ஆம் வருஷத்துச் செந்நிறக் கட்டடமும் அதன் மணிக்கூண்டும் பார்க்கத் தக்கவையே என்பதில் சந்தேகமில்லை; ஆயினும், மூட்டை முடிச்சுகளும் வழியனுப்ப வந்த சுற்றத்தாரும் நிறைந்த அந்தப் பிளாட்பாரங்களில் வண்டியின் ஒரு பக்கம் மாத்திரம் கண்ணில் படுமேயன்றி, அதன் நீளமும் நெளிவும் நடையும் தெரிவதில்லை. ரயிலைக் காண வேண்டுமானால் ஒரு நிலையம் தள்ளிப் போக வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்த ஒரு நிலையம் பேசின் பிரிட்ஜ். மின்சார ரயிலிலிருந்து அங்கே இறங்கி நடைமேம்பாலத்தில் நின்று நோக்கினால், சென்ட்ரலிலிருந்து வரும் தண்டவாளங்களும் கடற்கரைப் பக்கத்திலிருந்து வருபவையும் கலந்து, பிறகு ஒரு பகுதி வியாசர்பாடி வழியாக அரக்கோணத்தை நோக்கி மேற்கேயும், மற்றொரு பகுதி கொருக்குப்பேட்டை வழியாகக் கூடூரை நோக்கி வடக்கேயும் பிரிந்து செல்வது புலப்படும். கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் போகிற வண்டி ஒரு புறமும், ஹௌராவுக்கும் டில்லிக்கும் போகிற வண்டி மறுபுறமும் திரும்புகிற அந்தக் கணத்தில், பெயர்ப்பலகையைப் பாராமலே அதன் திசையைச் சொல்லிவிடலாம். தண்டவாளங்கள் பல குறுக்கிடும் இடமாதலால் மெயில் வண்டிகள் அங்கே நிதானமாகவே ஊர்கின்றன. அந்த நிதானந்தான் பார்ப்பவருடைய பாக்கியம். எஞ்சின் ஒரு பாயிண்டைத் தாண்டிப் பக்கத்துத் தண்டவாளத்துக்கு மாறியதும், பின்வரும் பெட்டிகள் ஒவ்வொன்றும் அதே இடத்தில் அதே அளவு அசைந்து கொடுக்க, சக்கரங்கள் தடக் தடக்கென்று ஒலிக்க, ஜன்னல்களுக்குள்ளே ஒருவர் செருப்பைக் கழற்றிக் காலை மடக்கி உட்காருவதும், ஓர் அம்மாள் பையைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளுவதும், கைக்குழந்தை கம்பியைப் பற்றிக்கொண்டு வெளியே பார்ப்பதுமாக, நெடும் பிரயாணத்தின் முதல் ஏற்பாடுகள் யாவும் கண்ணெதிரே நடந்து போகும். இந்தக் காட்சியைச் சென்ட்ரலில் எவ்வளவு நேரம் நின்றாலும் பெற முடியாது.

புராதனத்தில் பிரியமுள்ளவர்கள் ராயபுரத்துக்கும் போய்வர வேண்டும். தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் 1856-இல் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது அங்கிருந்துதான். அந்நாளைய தூண்களோடு கட்டடம் இன்னும் நிற்கிறது. அதனை இடிக்காமலும் அழகுபடுத்துகிறேன் என்று உருமாற்றாமலும் காப்பாற்றுவது நம் கடமை. விமானத்தையும் ரயிலையும் சேர்த்துக் காட்டவேண்டிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால், விமான நிலையத்துக்கு எதிரேயுள்ள திரிசூலம் உகந்த ஸ்தலம். எங்கே நின்றாலும் பிளாட்பாரமும் மேம்பாலமும் போதும். தண்டவாளத்தில் இறங்குவது எந்த ஆசையின் பொருட்டும் கூடாது.

இனி, பார்ப்பதோடு அமையாமல் ஏறிச் செல்ல விரும்புகிறவர்களுக்கு. 1931 முதல் மின்சார வண்டி ஓடுகிற கடற்கரை–தாம்பரம் பாதையில் இந்த நகரத்தின் அன்றாட வாழ்க்கை முழுவதும் ஏறி இறங்குகிறது. ஆனால் காட்சிக்காகப் பிரயாணம் செய்வதானால் நான் பறக்கும் ரயிலையே சிபாரிசு செய்வேன். 1995-இல் சேப்பாக்கம் வரையும், 2007-இல் வேளச்சேரி வரையும் வந்த அந்தப் பாதை, பெரும்பகுதி பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டி மாடி உயரத்தில் செல்வதால், வீதியில் நடப்பவர்க்குத் தெரியாத மொட்டை மாடிகளும், தென்னைகளும், கிரிக்கெட் மைதானத்தின் விளக்குக் கம்பங்களும், பசுமைவழிச் சாலையைத் தாண்டியதும் அடையாற்றின் விரிந்த நீரும் வரிசையாக வருகின்றன. மெட்ரோ ரயிலின் வேகமும் குளிர்ச்சியும் மெச்சத்தக்கவையே; எனினும் ஜன்னல் திறந்து காற்று முகத்தில் படுகிற வண்டியில்தான் எனக்குப் பிரயாணம் செய்த திருப்தி உண்டாகிறது.

பறக்கும் ரயிலில் கடற்கரை நிலையத்திலேயே ஏறி, வண்டி போகும் திசைக்கு இடப்பக்கத்து ஜன்னலோரத்தில் அமர்ந்துகொள்வது நலம். கடல் இருப்பது அந்தப் பக்கத்தில். வாசற்படியில் நிற்க வேண்டாம். ஐந்து மணிக்கு முன்பாகவே ஏறிவிடுவது உத்தமம். அதன்பின் உத்தியோகஸ்தர்கள் வீடு திரும்பும் கூட்டத்தில் ஜன்னலோரம் கிடைப்பது மிகவும் அரிது.